கழித்தல் குறி

தண்ணீர் வந்து
தண்ணீரைக் கொண்டுபோய்விட்டது.
டோங்காட்டில் அந்த வருஷம் எல்லாரும் இதையே சொன்னோம்.
ஆற்றில் வெள்ளம், குழாயில் காற்று.

பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுவேன்.
இரவில், மின்சாரம் இருக்கிற இரவில்,
மூன்று கை மாறி வந்த மடிக்கணினியில்
தண்ணீர் லாரி நிற்கும் இடங்களுக்குப் புள்ளி வைப்பேன்.

மென்பொருளுக்குக் காசில்லை.
யார் எழுதியது என்று தேடினால்
கீழே இறங்கிக்கொண்டே போகும் பெயர்ப்பட்டியல்.
வழியில் யாரோ வைத்துப்போன தண்ணீர்ப்பந்தல் மாதிரி:
குடிக்க வருகிறவரின் பெயர் கேட்பதில்லை,
குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் சரி.
ஒருநாள் நானும் கழுவினேன்.
சரிவைக் கணக்கிடச் சொன்னால் உறைந்துபோகிறது என்று
நாலு வரி எழுதி அனுப்பினேன்.
விடிவதற்குள் யாரோ ஒருவர்,
பனி பெய்கிற ஏதோ ஊரிலிருந்து,
"சரிசெய்தாயிற்று, பார்" என்றார்.
பார்த்தேன். சரியாயிருந்தது.
உங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

முதலில் வட்டம்தான் போட்டேன்.
லாரிக்கு லாரி ஐந்நூறு மீட்டர்.
நீல வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து
ஊர் முழுக்க நனைந்ததுபோல் தெரிந்தது.
போங்கெகிலே பார்த்துவிட்டுச் சிரித்தாள்:
"இது காக்கை போகிற தூரம்.
இருபத்தைந்து லிட்டரோடு
அந்தக் காக்கையை என் வீட்டுக்கு ஏறச் சொல்."

ஆகவே தெருக்களைச் சேர்த்தேன்.
பிறகு மேட்டின் உயரக் கோடுகளை.
பிறகு ஹம்பனாத்தியில் இரண்டு வேலிக்கு நடுவே ஒரு சந்தை,
எந்த வரைபடத்திலும் இல்லாததை,
அவள் முன்னால் நடக்க
கைபேசியை ஏந்தி மூச்சிரைத்துப் பின்னால் போய் அளந்தேன்.
வட்டங்கள் கிழிந்தன.
ஐந்நூறு, ஆயிரத்து நூறாயிற்று.
எண்ணுக்கு முட்டி வலிக்காது.
ஆனால் முட்டியை எண்ணாக்கலாம்.

பெல்கேட், மித்தாநகர், மக்வவேனி:
நாற்பத்தோரு புள்ளிகள்.
கோப்பைத் திறந்தால்
ஊர் இருக்கிறது, லாரி ஒன்றுகூட இல்லை.
பெரிதாக்கினேன். சிறிதாக்கினேன்.
ஆப்பிரிக்கா முழுதும் தெரியும்வரை சிறிதாக்கினேன்.
அங்கே உச்சியில், எகிப்தில்,
நைல் நதியை ஒட்டினாற்போல்
கூட்டமாக நின்றன எங்கள் லாரிகள்.

இருபத்தொன்பது பாகைக்கு முன்னால்
ஒரு சின்னக் கோடு விட்டுப்போயிருந்தது.
தெற்கென்றால் கணக்கில் கழித்தல்தான்.

நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
சிரிப்பு நடுவில் எங்கோ உடைந்தது.
வாளியில் மூன்று விரற்கடைத் தண்ணீர்.

கோடு போட்டேன். நாற்பத்தொன்றும்
ஒரு கண்டத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தன.

அச்சடித்துக் கிளினிக் சுவரில் ஒட்டினோம்.
லாரி ஓட்டும் தோகோசானி
தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.
"எல்லாம் சரி. இங்கே வண்டியை எப்படித் திருப்புவேன்?"

சந்தை வரைந்தேன், சரிவை வரைந்தேன்,
பத்து டன் தண்ணீர் திரும்பிப் போகிற அகலத்தை
நினைக்கவே இல்லை.
என் பேனாவை வாங்கி
சுவரிலேயே ஏழு இடத்தைச் சுழித்தார்.
அன்றிரவு புதிதாய் ஒரு லேயர்.
பெயர்: தோகோசானி.

குழாய் பிறகு வந்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை, முதலில் பழுப்பாக.
கோப்பைப் பொதுவில் வைத்திருக்கிறோம்.
வேண்டியவர் எடுக்கலாம், திருத்தலாம்,
நாளை வேறோர் ஊருக்கு அதையே மாற்றிப் போடலாம்.

என் பிரதியில் மட்டும்
ஒரு லாரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.
கழித்தல் இல்லாமல்
நைல் கரையில் நிற்கிறது அது.
நிற்கட்டும்.
நிரம்ப நேரமாகும்.